ஜூன் பதினைந்தில் விட்ட வரி

2025 ஜூன் 2, திங்கள். 414

இன்று குடிக்கவில்லை.

விசிலில் ரத்தம். காலை முதல் ட்ரிப்பில் மேலகரத்தில் ஆள் ஏற்றிவிட்டு ஊதினேன். வாயிலிருந்து எடுத்தால் முனையில் சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன். ஈறில் ரத்தம் வருவது புதிதில்லை, பல் தேய்த்துத் துப்பினால் நாலைந்து வருசமாகச் சிவப்பாகத்தான் இருக்கிறது. விசிலில் வந்தது இன்றுதான்.

எழுத வேறு ஒன்றுமில்லை. பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று எழுதுகிறேன். திருநெல்வேலியில் குடியை விட வைப்பதற்காக என்னைச் சேர்த்திருந்தபோது அங்கிருந்த கவுன்சிலர் கொடுத்த வேலை இது. "தேதி போடுங்க. விட்டு எத்தனையாவது நாள்னு போடுங்க. குடிச்சேன், இல்லன்னா குடிக்கலைன்னு ஒரு வரி. பொய் மட்டும் எழுதாதீங்க." 414 நாளாக அந்த ஒரு வரிதான். ஆறு மாதத்தில் ருசி, தூக்கம், சந்தோசம் எல்லாம் திரும்ப வரும் என்றும் சொன்னார். தூக்கம் வந்தது. மற்றதைக் காணோம். எதைப் பார்த்தாலும் சரி என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

முத்துசெல்வி இந்த டைரியைத் தொடுவதே இல்லை. "எழுதுதவிய எதை வேணும்னாலும் எழுதலாம்லா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். என்னைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருசம் ஆனவள். அப்படித்தான் சொல்வாள்.

ஜூன் 3, செவ்வாய். 415

இன்று குடிக்கவில்லை. சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் பதினோரு ட்ரிப், பதினொன்றும் நின்றபடி.

ஜூன் 5, வியாழன். 417

இன்று குடிக்கவில்லை.

மேல் முன்பல் இரண்டும் ஆடுகின்றன. நாக்கால் தள்ளினால் போய் வருகின்றன. நடுவில் இடைவெளியும் விழுந்திருக்கிறது. விசிலைக் கவ்வ முடியவில்லை, உதட்டால் பிடித்து ஊதினால் வெறும் காற்று. டிரைவர் கிங்ஸ்லி திரும்பிப் பார்த்தான்.

"என்னவே, விசில் அடிக்கியா, பெருமூச்சு விடுதியா?"

பஸ் தகரத்தில் கையால் இரண்டு தட்டு தட்டினேன். வண்டி கிளம்பியது. மினி பஸ்ஸில் கண்டக்டராக இருபத்திரண்டு வருசம். விசில் இல்லாமல் இன்றுதான் ரைட் கொடுத்தேன்.

கிங்ஸ்லிக்கு ஆஸ்பத்திரி என்றால் ஆகாது. "க்ளீன் பண்ணுதேன்னு சுரண்டி விட்டுருவாவ. பிறகு இருக்க பல்லும் ஆடும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றான். வீட்டில் சொன்னேன். முத்துசெல்வி கேட்டுக்கொண்டே போனை எடுத்து, தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் என் பேரைப் பதிந்தாள். நம்பர் கேட்டார்கள். தன் நம்பரைச் சொன்னாள், என் போனை நான் எடுக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியும். பக்ரீத் கழித்துத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏழு மணிக்கு வழக்கம்போல அரிஷ்டம், இரண்டு மூடி. குடியை விட்ட பிறகு எனக்குப் பசியே இல்லை என்று மாசி மாதம் செங்கோட்டையில் ஒரு வைத்தியசாலைக்குப் போய் அவளே வாங்கி வந்தாள். கசப்பாக, சூடாக இறங்கும். பிறகு இரண்டு தோசை கூடப் போகிறது.

ஜூன் 9, திங்கள். 421

இன்று குடிக்கவில்லை.

டாக்டரம்மா பெயர் மாஜிதா. கடையநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் இறக்கி இறக்கி எண் சொல்லிக்கொண்டே போனார். உதவிக்கு இருந்த ஸ்ரீதேவி என்ற பெண் ஒரு கார்டில் எழுதிக்கொண்டே வந்தாள். "ஏழு. அஞ்சு. எட்டு, ரத்தம். ஆறு, ரத்தம்." நான் பஸ்ஸில் ஸ்டேஜ் சொல்வதைப் போலிருந்தது. எட்டாவது ஸ்டேஜ் எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை.

"ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பை மாதிரி கீழ இறங்கியிருக்கு அண்ணாச்சி. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்கு ஏழு, எட்டுன்னு போகுது. அடியில எலும்பு கரைஞ்சிருக்கு, அதான் ஆடுது."

"மாத்திரை மட்டும் குடுங்களேன்" என்றேன். சுரண்டல் என்றால் கிங்ஸ்லியின் சித்தப்பா ஞாபகம் வந்தது.

"கல்லு ஒட்டியிருக்கையில மாத்திரை மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்ல. கிருமி அந்தக் கல்லுமேல கூடு கட்டி உக்காந்திருக்கும், மருந்து உள்ள போகாது. சுரண்டி எடுத்துட்டு, கையோட மாத்திரையையும் ஆரம்பிக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் கேக்கும். எல்லாருக்கும் நான் மாத்திரை எழுதமாட்டேன். உங்களுக்கு எலும்பு வேகமாக் கரையுது, அதனால எழுதுறேன்." போன எலும்பு திரும்பாது, இருப்பதை நிறுத்திவைக்கலாம் என்றும் சொன்னார். அந்த விவரம் எனக்குப் பிடித்திருந்தது. பூசி மெழுகவில்லை.

"குடிப்பழக்கம் உண்டா?"

முத்துசெல்வி தரையைப் பார்த்தாள்.

"இருந்தது. விட்டுட்டேன். இன்னைக்கு நானூத்தி இருபத்தொண்ணு."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லது அண்ணாச்சி" என்றார். பிறகு, "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

இல்லை என்றேன். முத்துசெல்வியும் இல்லை என்றாள். விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அவள் கேட்டாள். "முன்பல்லு போயிருமா?"

"தெரியாது."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

யோசித்துப் பார்த்தேன். தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன். 424

இன்று குடிக்கவில்லை.

வலது பக்கம் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சுரண்டி முடிந்தது. நாலைந்து ஊசி. கொஞ்ச நேரத்தில் உதடு, கன்னம், பாதி நாக்கு எல்லாம் காணாமல் போய்விட்டது. டாக்டர் உதட்டைத் தட்டி "மரத்துருச்சா?" என்று கேட்டார். அது எப்பவோ என்று சொல்ல நினைத்தேன். வாய் திறந்து கிடந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

உள்ளே சுரண்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது, வலி இல்லை. ஸ்ரீதேவி பஞ்சில் வைத்து ஒரு துண்டைக் காட்டினாள். கறுப்பாக, கடுகு அளவு. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் தின்றேன்?

வீட்டில் டீ குடித்தேன், பாதி சட்டையில் ஒழுகியது. உதட்டைக் கடித்ததும் தெரியவில்லை. முத்துசெல்வி ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் துண்டோடு வந்தாள். "வலிக்கலையா?" அப்போது வலிக்கவில்லை. நாலு மணிக்கு மேல் வலித்தது. வலி வந்தது நன்றாக இருந்தது என்று எழுதினால் கவுன்சிலர் என்ன சொல்வார்?

ஜூன் 13, வெள்ளி. 425

இன்று குடிக்கவில்லை.

இடது பக்கமும் முடிந்தது. மாத்திரை இரண்டு வகை, மூன்று வேளை, ஏழு நாள். டாக்டர் சீட்டை என்னிடம் கொடுக்கவில்லை, முத்துசெல்வியிடம் கொடுத்து அவளிடமே சொன்னார். "ஒரு வேளை கூட விடக்கூடாது. இதுல ஒரு மாத்திரை இருக்கு, அதோட பிராந்தி, பீர் எதுவும் சேரக்கூடாது. சேந்தா சிலருக்கு முகம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வரும். அண்ணாச்சி விட்டுட்டாங்க, இருந்தாலும் சொல்லணும்லா."

முத்துசெல்வி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

சாயங்காலம் அரிஷ்டம் குடித்த பிறகு காது கொஞ்சம் சுட்டது. மாத்திரைச் சூடு என்றாள்.

ஜூன் 14, சனி. 426

இன்று குடிக்கவில்லை. வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பு ருசி. கஞ்சி மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு. 427

......................

ஜூன் 16, திங்கள். 428

இன்று குடிக்கவில்லை.

நேற்றைய பக்கத்தில் தேதியும் எண்ணும் போட்டதோடு சரி. வரி எழுதவில்லை. என்னத்தை எழுத? நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று வேலைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்குக் குற்றாலம் போய் கிங்ஸ்லியைப் பார்த்து, அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு, ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஏழு மணிக்கு முத்துசெல்வி அரிஷ்டம் கொண்டுவந்தாள். மூடியில் ஊற்றவில்லை, டம்ளரில் பாதி. "மூணு நாளா வெறுங்கஞ்சி. கொஞ்சம் கூடவே குடிங்க, பசி எடுக்கட்டும்." குடித்தேன். மாத்திரையையும் போட்டேன்.

கால் மணி நேரம் இருக்கும். முகம் கொதித்தது. நெஞ்சு ஓடுகிற பஸ் மாதிரி அடித்தது. பின்வாசலுக்குப் போவதற்குள் வாந்தி. அவள் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். முதுகைத் தடவினாள். பிறகு தடவுவது நின்றது. புளித்த வாடை எனக்கே வந்தது.

"சாயங்காலம் எங்க போனிய?"

"கிங்ஸ்லியப் பாக்க."

"வேற எங்க?"

"வேற எங்கயும் போகல."

"முகம் செவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும். டாக்டரம்மா என் காதுலதான சொன்னாவ."

"நான் குடிக்கல முத்துசெல்வி."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய. இருமல் மருந்துன்னிய."

இருமல் மருந்து நாலு வருசத்துக்கு முந்திய கதை. எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில் என்மேல் வாடை என்று அவள் சொந்தக்காரர்கள் பேசினார்கள். இருமல் மருந்து குடித்தேன் என்றேன். முத்துசெல்வி நம்பி, அத்தனை பேர் முன்னாலும் எனக்காகச் சண்டை போட்டாள். பந்தி முடிவதற்குள் என் பையிலிருந்து பாட்டில் உருண்டு விழுந்தது. அவள் அன்று என்னைத் திட்டவில்லை. இலை எடுக்கப் போய்விட்டாள்.

இன்று காலையில் அவள் அண்ணன் செல்லப்பா கீழப்பாவூரிலிருந்து பைக்கில் வந்தார். "என்ன மாப்ள, திரும்ப ஆரம்பிச்சாச்சா?" குடிக்கவில்லை மச்சான் என்றேன். சொன்ன விதம் எனக்கே நம்பும்படி இல்லை. கோபமாவது பட்டிருக்கலாம், அதுவும் வரவில்லை. முத்துசெல்வி பையோடு வாசலுக்குப் போனவள் நின்று, "மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வெந்நீர் போட்டுக் குளித்தேன். ஏட்டி, நான் குடிக்கலட்டி. குடிக்கவே இல்ல. இத எங்க போய்ச் சொல்ல? இந்தப் பக்கத்துலதான் சொல்லணும். இதத்தான் நீ நம்பமாட்டியே.

ஜூன் 17, செவ்வாய். 429

இன்று குடிக்கவில்லை. மாத்திரையும் போடவில்லை.

ஜூன் 18, புதன். 430

இன்று குடிக்கவில்லை. ஆனால் நினைத்தேன்.

கடைசி ஸ்டாப்பில் பத்து நிமிசம் வண்டி நிற்கும். எதிர்ச் சந்தில் கடை இருக்கிறது. 430 நாளாக அந்தப் பக்கம் திரும்பியதில்லை. இன்று திரும்பி நின்றேன். குடிக்காமலே குடித்தவன் ஆகியாயிற்று. குடித்துவிட்டால் அவள் சொன்னதாவது நிஜமாகும், நான் பொய்யன் இல்லை என்றாகும். இது என்ன கணக்கு என்று இப்போது கேட்கிறேன். அப்போது சரியாகத்தான் பட்டது.

கிங்ஸ்லி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஆட்கள் எல்லாம் காதைப் பொத்தினார்கள். "ஏறுவே" என்றான். ஏறினேன்.

ஜூன் 20, வெள்ளி. 432

ஈறு எப்படி இருக்கிறது என்று பார்க்க டாக்டர் இன்று வரச் சொல்லியிருந்தார். தனியாகப் போனேன். மாத்திரையை ஞாயிறோடு நிறுத்திவிட்டேன் என்றேன். ஏன் என்றார். வாந்தி, முகம் சிவந்தது, எல்லாம் சொன்னேன். குடிச்சீங்களா என்று கேட்பார், எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. "அன்னைக்குக் காலையில இருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

கஞ்சி, மாத்திரை, இளநீர், மறுபடி கஞ்சி, மாத்திரை, கிங்ஸ்லி வாங்கித் தந்த டீ, அரிஷ்டம், மாத்திரை.

"என்ன சொன்னீங்க?"

"அரிஷ்டம். பசிக்கு."

"எவ்வளவு?"

"அரை டம்ளர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அரிஷ்டத்துல ஆல்கஹால் உண்டு அண்ணாச்சி. யாரும் கலக்குறதில்ல. புளிக்கவைக்கையில தானா உண்டாகுறது. ரெண்டு மூடின்னா தெரியாது. இந்த மாத்திரையோட அரை டம்ளர்னா வேலையக் காட்டிரும்." பிறகு, "நான் வேற மாத்திரை உண்டான்னு கேட்டேன். வேற என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டிருக்கணும். எங்க வீட்டுலயும் பிள்ளை பெத்தவங்களுக்கு இதைத்தான் குடுப்பாங்க. எனக்கே தோணல, என் தப்புதான்" என்றார்.

கார்டில் சிவப்பு மையால் அரிஷ்டம் கூடாது என்று எழுதினார். மாத்திரையை நாளையிலிருந்து மறுபடி ஏழு நாள் முழுசாகப் போடச் சொன்னார்.

"வீட்டம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அவதான் ஊத்திக் குடுத்தா" என்றேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பெயர் தமிழில் பெரிதாக இருக்கிறது. பின்பக்கம் இங்கிலீஷில் எறும்பு எழுத்தில் ஒரு வரி. கிங்ஸ்லியின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டு எழுத்துக் கூட்டினேன். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு, தானாக உண்டான ஆல்கஹால்.

மாசியிலிருந்து தினமும் இரண்டு மூடி. தினமும் இங்கே 'இன்று குடிக்கவில்லை'. பொய் மட்டும் எழுதாதீங்க என்றார் அவர்.

432ஐ அடித்துவிட்டேன். கடைசியாக அது உள்ளே போனது பதினைந்தாம் தேதி. பதினாறு ஒன்று. இன்று ஐந்து.

ஜூன் 21, சனி. 6

இன்று குடிக்கவில்லை.

ஒன்றை எழுதியாக வேண்டும். ஏழு மணிக்காக நான் காத்திருப்பேன். ஆறரைக்கே கடிகாரத்தைப் பார்ப்பேன். "முத்துசெல்வி, மணி ஆச்சு" என்று நான்தான் கூப்பிடுவேன். பசிக்காகவா? தொண்டையில் சூடாக இறங்குகிற அந்த நிமிசத்துக்காகவா? எனக்குத் தெரியாதா? தெரியாது என்றுதான் நினைத்தேன். உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 23, திங்கள். 8

இன்று குடிக்கவில்லை.

கிங்ஸ்லியிடம் சொன்னேன். "முத்துசெல்விக்குப் போன் போட்டுச் சொல்லுவே, அந்தப் பிள்ளை வந்துரும்" என்றான்.

"என்னன்னு சொல்ல? குடிக்கல, மருந்துலதான் இருந்துச்சுன்னா? போன தடவையும் மருந்துதான்."

இரண்டு ஸ்டாப் தாண்டியது. "அன்னைக்குப் பொய் சொல்லையில நீ வேற எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் இதுதான் சரி. இன்னொன்றை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளை நான் குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகும். சோறு இறங்கவில்லையே என்று கூட ஊற்றினாள். அதற்கு இது பதிலா?

ஜூன் 28, சனி. 13

இன்று குடிக்கவில்லை. மாத்திரை நேற்றோடு முடிந்தது, ஒரு வேளை விடவில்லை. துப்பினால் வெள்ளை. இத்தனை வருசத்தில் முதல் தடவை. யாரிடமாவது காட்டலாம் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு. 21

இன்று குடிக்கவில்லை.

முத்துசெல்வி போன் பேசினாள். கேஸ் சிலிண்டர் புக் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "சாப்பிட்டியளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று, அண்ணன் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாளாம். சரி என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. பிறகு வைத்தாள்.

ஜூலை 17, வியாழன். 32

இன்று குடிக்கவில்லை. ஆடி பிறந்துவிட்டது. ஈறு இறங்கி, பல்லெல்லாம் நீளமாகத் தெரிகிறது. பச்சைத் தண்ணீர் பட்டால் கூசுகிறது. சாரல் காற்று பட்டாலும் கூசுகிறது. கதவை மூடிக்கொண்டு கண்டக்டர் வேலை பார்க்க முடியுமா?

ஆகஸ்டு 8, வெள்ளி. 54

இன்று குடிக்கவில்லை.

இன்று ரிவியூ. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் பெஞ்சில் முத்துசெல்வி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அதே பை. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

நேற்று ஸ்ரீதேவி ரிவியூவை ஞாபகப்படுத்தப் போன் போட்டிருக்கிறாள். கார்டில் இருந்தது முத்துசெல்வியின் நம்பர். "நாளைக்கு அண்ணாச்சிய வரச் சொல்லுங்கம்மா. அரிஷ்டத்த நிப்பாட்டிட்டாங்கள்லா? இங்க சிவப்பு மையில போட்டிருக்கு." எதுக்கு நிப்பாட்டணும் என்று இவள் கேட்க, கார்டில் இருந்ததை அந்தப் பெண் அப்படியே வாசித்துவிட்டாள். இதெல்லாம் ஸ்ரீதேவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் கம்பியை இறக்கினார். "மூணு. மூணு. நாலு. மூணு. நாலு." ரத்தம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பின்பல் ஒன்றில் மட்டும் ஐந்து. முன்பல் இரண்டையும் உள்பக்கமாக மெல்லிய வயர் வைத்துப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டினார். இனிமேல் விசிலை முன்பல்லால் கவ்வக் கூடாதாம். கம்பி ஓரிடத்தில் குத்தியபோது உடம்பு உதறியது. "வலிக்குதா?" வலிக்குது என்றேன்.

முத்துசெல்வி நாற்காலிக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "நான் குடுத்ததுனாலயாம்மா?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. டாக்டர் எனக்கே தோணல" என்றார் அவர்.

வீட்டுக்கு என்னோடு வந்தாள். நேரே அலமாரிக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருந்தது. என் கையில் கொடுத்தாள்.

"வாசிங்க."

"எதுக்கு இப்ப."

"வாசிங்கன்னேன்."

வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். வாங்கிக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கவிழ்த்தாள். பிறகு முற்றத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரல்.

"அண்ணே, அவிய குடிக்கல. நான்தான் ஊத்திக் குடுத்தேன். ஆமா, நான்தான். இல்லண்ணே, அவிய ஒண்ணும் சொல்லித் தரல. அவிய யார்ட்டயும் சொல்லவே இல்ல. தெரிஞ்சும் ஒன்றர மாசமா வாயத் தொறக்கல. நீங்க வந்து பேசணும். வரணும்."

நிச்சயதார்த்தத்தில் எனக்காகச் சண்டை போட்ட அதே குரல். எனக்கு அழுகை வந்தது. நல்லாவே அழுதேன். வயர் கட்டின பல்லைக் கடிக்கக் கூடாது என்று வாயைத் திறந்துகொண்டு அழுதேன், பார்க்கச் சகிக்காமல்தான் இருந்திருக்கும். ஒரு வருசத்துக்கு மேல் காணாமல் இருந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பொய் எழுதக் கூடாது என்பது போல இனிமேல் அவளிடமும் பொய் கூடாது என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். "ஏழு மணிக்கு நான் காத்திருந்தது நிஜம் முத்துசெல்வி. பசிக்கு மட்டும் இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும். ஆல்கஹால்னு தெரியாது. காத்திருக்கியன்னு தெரியும். குடிய விட்டப்புறம் நீங்க என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுதது அந்த ஏழு மணிக்கு மட்டும்தான. அதுக்காகவே ரெண்டு சொட்டு கூட ஊத்துவேன். என் தப்பும் இருக்குல்லா."

ஆகஸ்டு 9, சனி. 55

இன்று குடிக்கவில்லை.

மச்சான் வந்தார். காபி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எனக்கும் ஈறுல ரத்தம் வருது மாப்ள, அந்த டாக்டர் நம்பரக் குடுங்க" என்றார். முத்துசெல்வி முறைத்தாள். நான் கொடுத்தேன். மனுசன் அதற்குமேல் எப்படிச் சொல்வார்?

ஆகஸ்டு 25, திங்கள். 71

இன்று குடிக்கவில்லை.

ஏழு மணிக்கு என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பதினைந்து நாளாக டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்று வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள், வாய் கொப்பளிக்க. அதே டம்ளர். பின்வாசலில் நின்று கொப்பளித்துத் துப்பினேன். வெள்ளை. "பாரு" என்று காட்டினேன். "சீ" என்றாள். சிரித்தாள்.

பிறகு எட்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். எண்ணை மாற்றியதைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "எதுக்கு மாத்தினிய?" என்றாள். உள்ளே போனது போனதுதான், எனக்கு எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் என்றேன். அவள் டம்ளரைக் கழுவப் போனாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு. 518

மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று ஸ்ரீதேவி கேட்டிருந்தாள், அடுத்த ரிவியூவுக்கு. காலையில் ஜூன் பக்கங்களைப் புரட்டினேன்.

பதினைந்தாம் தேதியில் நான் விட்ட வரி நிரம்பியிருக்கிறது. நான் எழுதுவது கறுப்பு மை. இது நீலம். சாய்ந்த எழுத்து, மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கிற கை.

"இன்று குடிக்கவில்லை. ஊற்றிக் கொடுத்தது நான். முத்துசெல்வி."

இருபதாம் தேதியில் நான் அடித்த 432ஐ அவள் பக்கத்தில் திரும்ப எழுதியிருக்கிறாள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கத்திலும், என் எண்ணுக்குக் கீழே, நீல மையில் அவள் எண். 433, 434, 435. நேற்று வரைக்கும், 517. ஒரே நாளில் எழுதியதா, தினமும் எழுதினாளா, தெரியாது; எழுதி முடித்த பக்கத்தை நான் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் இந்தப் பக்கத்தைப் புரட்டுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

91 என்று போடத்தான் பேனாவை எடுத்தேன்.

கிங்ஸ்லி வாசலில் வந்து நிற்கிறான். அவனிடம் விசில் இல்லை, ஹாரன்தான். தோசை இரண்டு சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும்.

இன்று குடிக்கவில்லை.